கண்ணாற் கேட்டல்: காணொளியும் துணையெழுத்தும்

கல்வியின் வாயில்கள் இரண்டு என நம் முன்னோர் கண்டனர். ஒன்று நூலை ஓதி உணர்தல். மற்றொன்று கற்றறிந்தார் வாய்ச்சொல்லைக் கேட்டு உணர்தல். வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தமை யாவரும் அறிந்ததே. வேதத்தைச் சுருதி என வழங்குவதும், அது செவிவழியாகவே தலைமுறை தலைமுறையாகக் கொள்ளப்பட்டு வந்தமை பற்றியேயாம். அச்சியந்திரம் பரவிய பின்னர் நூற்கல்வி மேலோங்கியது. கேள்வி ஓரளவு பின்னடைந்தது. ஆயின் இந்நூற்றாண்டிலே நிலைமை மீண்டும் மாறியுள்ளது. பேராசிரியர் ஒருவரின் விரிவுரை இணையத்தின் வழியே காணொளியாக உலகெங்கும் செல்கின்றது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்திலே பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டபோது, மாணவர் தத்தம் வீட்டிலிருந்தே கைபேசித் திரையிற் பாடங் கேட்டனர். கேள்வி மீண்டும் அரியணை ஏறிவிட்டது எனலாம்.

ஆனால், இவ்வரியணையின் முன்னே நின்று யாதும் கேளாதார் சிலர் உளர். அவரே செவிப்புலன் குன்றியோர். நூற்கல்வி மேலோங்கியிருந்த காலத்தில், எழுதப் படிக்க அறிந்த செவிப்புலனற்ற ஒருவர், ஏனையோரோடு ஒப்ப அதே பக்கத்தை அதே விரைவில் வாசித்தார். அறிவு காணொளிக்குக் குடிபெயரவே, அவருக்குத் திறந்திருந்த கதவு மெல்ல மூடலாயிற்று. உலகிற் கேட்டற் குறைபாட்டின் பொருட்டு மறுவாழ்வு உதவி வேண்டி நிற்போர் 43 கோடியினர் என உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டிற் கணித்துள்ளது. உலக மக்களில் நூற்றுக்கு ஐவருக்கு மேற்பட்ட தொகையினர் இவர். இவர்க்கு அக்கதவினை மீண்டும் திறக்கும் திறவுகோல் யாது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பொருளும்

திரையின் அடியிலே, பேசப்படுவதை எழுத்தாகக் காட்டும் வரிகளைச் ‘சப்டைட்டில்’ எனவும் ‘கப்ஷன்’ எனவும் ஆங்கிலச் சொற்களாலேயே வழங்குகின்றோம். இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் நோக்கத்தால் வேறுபட்டவை. முன்னையது, காது கேட்கும் ஒருவர் தாம் அறியாத மொழியிலமைந்த படத்தை விளங்கிக்கொள்ளும்பொருட்டு இடப்படும் மொழிபெயர்ப்பு. பின்னையது, காது கேளாத ஒருவர் அதே மொழியில் அனைத்தையும் விளங்கிக்கொள்ளும்பொருட்டு இடப்படுவது. ஆதலின் அதிற் பேச்சு மாத்திரம் இருத்தல் போதாது. கதவு தட்டப்படும் ஓசை, தூரத்தே கேட்கும் இடியொலி, சபையின் சிரிப்பு, பேசுபவர் இன்னார் என்னும் குறிப்பு ஆகிய யாவும் இடம்பெறல் வேண்டும். கதவு தட்டும் ஓசையைக் கேட்டுக் கதாநாயகன் திடுக்கிடுகின்றான். ஓசை எழுத்தில் வாராவிடின், அவன் காரணமின்றித் திடுக்கிட்டான் என்றே கேளாதவர் கொள்வர்.

அமெரிக்கர் இவ்விரு சொற்களையும் வேறுபடுத்தி வழங்க, பிரித்தானியர் இரண்டிற்கும் ‘சப்டைட்டில்’ என்பதையே ஆள்வர். இக்கட்டுரையில் யாம் கேளாதார்பொருட்டு அமைவதனைத் ‘துணையெழுத்து’ எனக் கொள்வாம். அது மேலும் இருவகைப்படும். படத்தோடு நீங்காது ஒட்டி, காண்போர் அனைவர்க்கும் தோன்றுவது திறந்த துணையெழுத்து. வேண்டுவோர் தோற்றுவிக்கவும் வேண்டாதார் மறைக்கவும் கூடியதாய் இருப்பது மூடிய துணையெழுத்து.

பேசாப்படம் பேசிய பின்

துணையெழுத்தின் வரலாறு ஒரு முரணிலே தொடங்குகின்றது. ஊமைப்படக் காலத்திலே கேட்போருக்கும் கேளாதோருக்கும் இடையே திரையரங்கில் வேற்றுமை இருந்ததில்லை. காட்சிகளுக்கிடையே எழுத்து அட்டைகள் தோன்றின. யாவரும் அவற்றைப் படித்தே கதையை அறிந்தனர். 1927இல் ‘தி ஜாஸ் சிங்கர்’ என்னும் படம் அமெரிக்காவில் வெளிவந்தது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள்ளே பேசும்படம் உலகெங்கும் பரவிற்று. தமிழ் பேசிய முதற்படமாகிய ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்தது. திரைப்படம் வாய்திறந்ததைக் கண்டு உலகம் மகிழ்ந்தது. அவ்வாய் திறந்த கணத்திலேயே கேளாதாருக்கு அது ஊமையாயிற்று. ஒருவர்க்கு முன்னேற்றமாய் அமைவது மற்றொருவர்க்குப் பின்னடைவாதல் கூடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இக்குறையை நீக்க முதன்முதல் முயன்றோருள் ஒருவர் எமர்சன் றொமேறோ என்பார். கியூபாவிற் பிறந்து இளமையிலேயே செவிப்புலனை இழந்த இவர், ‘தொமி அல்பேட்’ என்னும் பெயரோடு ஊமைப்படங்களில் நடித்தவர். பேசும்படம் வந்தபின் அத்தொழில் அவரைக் கைவிட்டது. 1947இல் அவர் தாமே பேசும்படச் சுருள்களைப் பெற்று, காட்சிகளுக்கு இடையிடையே வெட்டி எழுத்துத் துண்டுகளைப் பொருத்தினார். இம்முறையாற் படம் இடையறுபட்டதாயினும், செய்யக்கூடியதே இது என்பது புலனாயிற்று. பின்னர், கனெக்ரிக்கற் மாநிலத்து மேற்கு ஹாட்போட் நகரிலுள்ள கேளாதார் பாடசாலையின் தலைவர் எட்மன்ட் போட்னரும், நியூயோர்க் நகரத்து லெக்சிங்ரன் பாடசாலையின் கிளாரன்ஸ் ஓ’கொனரும் முன்னின்று, எழுத்துப் பொறித்த படங்களைச் சேர்த்து வழங்கும் அமைப்பொன்றை உருவாக்கினர். 1958ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ஜனாதிபதி ஐசன்ஹோவர் கையொப்பமிட்ட சட்டத்தால் இப்பணியை அமெரிக்க அரசே ஏற்றுக்கொண்டது. ஆசிரியர் சிலர் தொடங்கிய முயற்சி நாட்டின் சட்டமாயிற்று என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

இருபத்தோராவது கோடு

தொலைக்காட்சி வந்தபின் புதியதொரு சிக்கல் எழுந்தது. திரைப்படச் சுருளை ஒரு பாடசாலைக்கு அனுப்பிவிடலாம். ஒளிபரப்போ ஒரே வேளையில் எல்லா இல்லங்களுக்கும் செல்வது. 1972இல் பொஸ்ரன் நகரத்து டபிள்யூ. ஜி. பி. எச். நிலையம், யூலியா சைல்ட் என்னும் அம்மையார் நடத்திய ‘தி பிரெஞ்ச் செவ்’ என்னும் சமையற்கலை நிகழ்ச்சியைத் திறந்த துணையெழுத்தோடு ஒளிபரப்பியது. கேளாதார் முதன்முறையாக ஏனையோரோடு ஒரே வேளையில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியை முற்றும் விளங்கிக்கொண்டனர். எனினும், கேட்கும் ஆற்றலுடையோர் திரையில் எழுத்து ஓடுவதை விரும்பார் என ஒளிபரப்பாளர் அஞ்சினர். இவ்வச்சத்துக்கு மாற்றாகவே மூடிய துணையெழுத்துத் தோன்றியது. அதே ஆண்டு பெப்ரவரியிலே, கேளாதார் உயர்கல்வி பெறும் கலோடெட் கல்லூரியில் அதன் செயன்முறை காட்டப்பட்டது.

அதன் நுட்பம் எளிதும் வியப்புக்குரியதுமாகும். அக்காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சிப் படம் ஒவ்வொன்றும் 525 கிடைக்கோடுகளால் ஆயதாய் இருந்தது. அவற்றுள் மேலேயிருந்த சில கோடுகள் திரையிற் புலப்படவில்லை. அவ்வாறு புலப்படாத 21ஆவது கோட்டிலே, ஒரு படத்துக்கு ஈரெழுத்து வீதம் செய்தியை மறைத்து அனுப்பினர். விநாடிக்கு ஏறக்குறைய 30 படங்கள் சென்றமையால் விநாடிக்கு 60 எழுத்து வரையிற் சென்றது. மனிதர் பேச்சின் விரைவுக்கு இது போதியதாயிற்று. வீட்டிலிருந்த ஒரு பெட்டி அம்மறைபொருளைப் பிரித்தெடுத்து எழுத்தாக்கித் திரையிற் காட்டிற்று. 1976இல் இக்கோடு துணையெழுத்துக்கென ஒதுக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் இம்முறையிலமைந்த ஒழுங்கான ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. நேரடி நிகழ்ச்சிகளுக்கோ, நீதிமன்றங்களிற் சுருக்கெழுத்துப் பொறியைக் கையாளும் தொழிலறிஞர் துணைபுரிந்தனர். 1982இல் ஒஸ்கார் விருது வழங்கும் விழா அவ்வாறு உடனுக்குடன் எழுத்தாக்கப்பட்டது.

இவ்வளவும் நிகழ்ந்தும் பயன் விரைந்து பெருகவில்லை. பிரித்தெடுக்கும் பெட்டியின் விலை ஏறத்தாழ 250 டொலர். ஆதலின் வாங்கியோர் சிலரே. வாங்கியோர் சிலராதலின் ஒளிபரப்பாளர் பல நிகழ்ச்சிகளுக்குத் துணையெழுத்து அமைக்கத் தயங்கினர். நிகழ்ச்சிகள் சிலவாதலின் பெட்டியை வாங்குவோர் பெருகவில்லை. இச்சுழலை அறுத்தது 1990ஆம் ஆண்டுச் சட்டமேயாம். 13 அங்குலமும் அதற்கு மேலும் அளவுள்ள ஒவ்வொரு தொலைக்காட்சிப் பெட்டியும் இவ்வமைப்பைத் தன்னுள்ளே கொண்டிருத்தல் வேண்டும் என அச்சட்டம் விதித்தது. 1993ஆம் ஆண்டு யூலை முதல் அது நடைமுறைக்கு வந்தது. தனியே விலைகொடுத்துப் பெறவேண்டியிருந்த உதவி யாவர்க்கும் பொதுவாயிற்று. குறைபாடுடையோரிடம் அவர்தம் குறைபாட்டுக்கு வரி அறவிடலாகாது என்பதே இதன் உட்கிடை.

இணையமும் வழக்குமன்றமும்

தொலைக்காட்சியிற் பெற்ற வெற்றி இணையத்திலே இழக்கப்படும் நிலை உண்டாயிற்று. தொலைக்காட்சியில் துணையெழுத்தோடு வந்த நிகழ்ச்சி, இணையத்தில் ஏறியபோது அதனை இழந்தே ஏறிற்று. 2010ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட சட்டம், தொலைக்காட்சியில் துணையெழுத்தோடு காட்டப்பட்டதை இணையத்திலும் அவ்வாறே காட்டல் வேண்டும் என விதித்தது. ஆயின் இணையத்தின்கண்ணேயே பிறந்தவற்றை அது கட்டுப்படுத்தவில்லை.

2011இல் அமெரிக்கக் கேளாதார் தேசிய சங்கம், நெட்பிளிக்ஸ் நிறுவனத்தின்மீது மசச்சூசெற்ஸ் மாநிலத்து மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. கடைக்கும் திரையரங்குக்கும் உரிய சமவாய்ப்புச் சட்டம், கட்டடமில்லாத இணையத்தளத்துக்கும் உரியதா என்பதே வினா. உரியதே என அந்நீதிமன்றம் 2012இற் கொண்டது. அவ்வாண்டிலேயே இருதிறத்தாரும் உடன்பட, 2014ஆம் ஆண்டினுள் தன் காணொளிகள் யாவற்றுக்கும் துணையெழுத்து அமைப்பதாக அந்நிறுவனம் இசைந்தது.

பேர்க்லி புகட்டும் பாடம்

கல்லூரிச் சமூகத்தினராகிய நாம் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய வழக்கு இதன்பின் எழுந்ததாகும். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகம், தன் பேராசிரியர்களின் விரிவுரைகளைப் பதிவுசெய்து கட்டணமின்றி உலகினர்க்கு வழங்கி வந்தது. அவற்றுட் பலவற்றுக்குத் துணையெழுத்து இல்லை. இருந்தவற்றுட் சில பொறி தானே இயற்றிய பிழைமலிந்த எழுத்து. கலோடெட் பல்கலைக்கழகத்திற் பணிபுரிந்த கேளாதார் இருவர் இதனை முறையிட்டனர். அமெரிக்க நீதித் திணைக்களம் ஆராய்ந்து, இது சட்டத்துக்கு முரணானது என 2016இல் அறிவித்தது.

பல்கலைக்கழகம் செய்ததோ வியப்புக்குரியது. 2017ஆம் ஆண்டு மார்ச்சில் 20,000க்கு மேற்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையினின்றும் அகற்றியது. துணையெழுத்து அமைக்கும் செலவு மிகப் பெரிதென்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. கேளாதார்க்குக் கிட்டாதிருந்த அறிவு கேட்போர்க்கும் கிட்டாதாயிற்று. இதனைக் கண்டு பலர் முறையிட்டவர்மீதே சினங்கொண்டனர். இருவர் பொருட்டு உலகமே ஒரு நூலகத்தை இழக்கவேண்டுமா என வினவினர்.

இவ்வினாவை எளிதிற் புறக்கணித்தல் ஆகாது. யாவர்க்கும் இல்லை என்பதும் ஒருவகைச் சமத்துவமே எனச் சிலர் கூறுவர். ஆயின் அது பசித்த ஒருவனைக் கண்டு பந்தியையே கலைத்துவிடுதல் போன்றது. பந்தியைக் கலைத்தவன் யார்? தனக்கும் ஓர் இலை வேண்டும் என்றவனா, அல்லது ஓர் இலை கூடுதலாக இடுவதினும் அடுப்பை அணைத்தலே மேல் எனக் கருதியவனா? முறையிட்டவர் வேண்டியது நீக்கத்தை அன்று, சேர்க்கையையே. அன்றியும், முதன்முதற் பதிவுசெய்தபோதே துணையெழுத்து அமைத்திருப்பின் அச்செலவு ஆண்டுதோறும் சிறிது சிறிதாய்க் கழிந்திருக்கும். பல்லாண்டு விட்டமையாலன்றோ அது மலைபோற் குவிந்தது. நன்று செய்யத் தாமதித்தவன் அத்தாமதத்தையே செய்யாமைக்குக் காரணமாகக் காட்டலாகாது.

இவ்வழக்கு 2022ஆம் ஆண்டு நவம்பரில் உடன்பாட்டில் நிறைவெய்தியது. பல்கலைக்கழகம் தன் இணையவழிக் கல்விப்பொருள்களிற் பெரும்பாலானவற்றை யாவரும் பயன்கொள்ளத் தக்கனவாக்க இசைந்தது. இதற்கிடையில், 2015இல் தொடுக்கப்பட்ட இதனையொத்த வழக்குகளில் ஹாவார்ட் பல்கலைக்கழகம் 2019இலும், மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கல்வி நிறுவனம் 2020இலும் துணையெழுத்து அமைக்க உடன்பட்டன. உலகப் புகழ்பெற்ற இக்கலைக்கூடங்களும் வழக்குத் தொடுக்கப்பட்ட பின்னரே இதற்கு இசைந்தன என்பது சிந்திக்கத்தக்கது.

அமைக்கும் முறை

இனி, துணையெழுத்தை அமைக்குமாற்றைச் சுருங்க நோக்குவாம். இது பெரும்பொருளும் அரிய கருவியும் வேண்டிய செயலன்று. காணொளி ஒன்றின் துணையெழுத்து என்பது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பேயாகும். அதில் ஒவ்வொரு கூறும் மூன்று உறுப்பினையுடையது: முதலாவது வரிசை எண், இரண்டாவது தோன்றும் நேரமும் மறையும் நேரமும், மூன்றாவது எழுத்து. எடுத்துக்காட்டாக, 00:00:05,000 --> 00:00:08,500 என எழுதி, அதன்கீழ் ஒரு வாக்கியத்தை எழுதினால், ஐந்தாம் விநாடியில் அவ்வாக்கியந் தோன்றி எட்டரையாம் விநாடியில் மறையும். இதனை எஸ். ஆர். ரி. கோப்பு என்பர். யூரியூப் முதலிய தளங்கள் இதனை ஏற்றுக்கொள்ளும்.

நல்ல துணையெழுத்தின் இலக்கணங்கள் சில உள. ஒருமுறை தோன்றுவது இரண்டு வரிக்கு மேற்படலாகாது. எழுத்து பேச்சோடு ஒருங்கே தோன்றல் வேண்டும். முந்தினும் பிந்தினும் பேசுபவரின் முகக்குறிப்போடு பொருந்தாது. வரியை முறிக்குங்கால் பொருள் முடியும் இடத்து முறித்தல் வேண்டும். பெயரெச்சத்தை ஒரு வரியிலும் அதுகொண்டு முடியும் பெயரை மறுவரியிலும் இடுதல் வாசிப்போனை இடறச்செய்யும். ஒருவருக்கு மேற்பட்டோர் பேசுவராயின் பேசுபவர் பெயரைச் சுட்டல் வேண்டும். பொருளுடைய ஓசைகளைப் பகர அடைப்புக்குள் [மணி ஒலிக்கிறது] என்றாற்போலக் குறித்தல் வேண்டும். ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதைத் துணையெழுத்து மறைத்தலாகாது. இணையத்தின் பொதுத் தரத்தை வகுத்த உலகளாவிய வலைச் சங்கத்தின் 2008ஆம் ஆண்டு நெறிமுறைகள், முன்னரே பதிவுசெய்யப்பட்ட காணொளிக்குத் துணையெழுத்து அமைத்தலை முதற்படிக் கடமையாகவும், நேரடி ஒளிபரப்புக்கு அமைத்தலை அதற்கு அடுத்த படியாகவும் வகுத்துள்ளன.

பொறியும் மனிதரும்

‘இவையெல்லாவற்றையும் இக்காலத்திற் பொறியே செய்யுமன்றோ’ எனச் சிலர் வினவலாம். 2009ஆம் ஆண்டு நவம்பரில் யூரியூப் தளத்திலே, பேச்சைப் பொறி தானே எழுத்தாக்கும் முறை அறிமுகமாயிற்று. அப்பணியில் முன்னின்ற பொறியியலாளர் கென் ஹரென்ஸ்ரீன் தாமே செவிப்புலனற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது. அதன்பின் இம்முறை பெரிதும் வளர்ந்துள்ளது. ஆயினும் பொறி செய்வது யாது? மனிதர் பேசிய எண்ணிறந்த பதிவுகளைக்கொண்டு பழகி, இவ்வொலியின்பின் இச்சொல் வருதல் கூடும் என மதிப்பிடுவதே. அடிக்கடி வருஞ் சொல்லை அது நன்கு பிடிக்கும். அரிதாய் வரும் ஊர்ப்பெயர், ஆட்பெயர், கலைச்சொல் என்பவற்றில் இடறும். விரிவுரை ஒன்றில் மாணவன் புதிதாக அறியவேண்டியவை இவ்வரிய சொற்களேயன்றோ! எங்கே உதவி மிக வேண்டப்படுகின்றதோ அங்கேயே பொறி தவறுகின்றது.

கேட்கும் ஆற்றலுடையவன் எழுத்திற் பிழையைக் கண்டால், காதாற் கேட்டதைக்கொண்டு திருத்திக்கொள்வான். கேளாதவனுக்கோ ஒப்புநோக்க வேறொன்றில்லை. எழுதப்பட்டதே அவனுக்குப் பேசப்பட்டது. ‘கூடாது’ என்பது ‘கூடும்’ என மாறின் அவன் மறுதலையையே கற்பான். ஆதலின் பொறி தருவதை முதல் வரைவாகக் கொண்டு, பொருளறிந்த ஒருவர் திருத்துதலே தக்கது.

தமிழுக்குரிய சிக்கல்கள்

தமிழிலே துணையெழுத்து அமைப்போர் எதிர்கொள்ளும் தனிச்சிக்கல்கள் சிலவுள. முதலாவது, லகர, ளகர, ழகர ஒலிகளைப் பேச்சிற் பலர் வேறுபடுத்துவதில்லை. விவசாயப் பாடமொன்றிற் ‘களை’ எனச் சொல்லியது ‘கலை’ எனவும், ‘உழவு’ எனச் சொல்லியது ‘உளவு’ எனவும் எழுதப்படின் மாணவன் நிலை என்னாம்?

இரண்டாவது, பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் தம்முள் வேறுபட்டவை. யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் வகுப்பிலே ‘அவை வந்திட்டினம்’ எனக் கூறுகின்றார் எனக் கொள்வோம். கேட்கும் மாணவன் மனிதர் சிலரே வந்தனர் என உடனே உணர்வான். பிறவியிலேயே கேளாத மாணவனோ தமிழை எழுத்து வழியாகவே கற்றவன். அவன் அறிந்த ‘அவை’ அஃறிணைப் பன்மை. ஆதலின் வந்தவை பொருள்களோ விலங்குகளோ என மயங்குவான். அவ்வாறாயின் பேசியதைப் பேசியவாறே எழுதுவதா, எழுத்துவழக்குக்கு மாற்றுவதா? நாடகத்திலும் கதையிலும் பேச்சுவழக்கே பாத்திரத்தின் உயிராதலின் அதனைக் காத்தல் வேண்டும். பாடத்திலோ பொருளே தலையாயதாதலின், சொல்லையும் கருத்தையும் மாற்றாது, விகுதிகளை மாத்திரம் எழுத்துவழக்கிற்குக் கொணர்தல் தக்கது என்பது எமது கருத்து.

மூன்றாவது, அளவு பற்றியது. ஆங்கிலத் துணையெழுத்து நிமிடத்துக்கு 160 முதல் 180 சொல் வரையில் அமைதல் நன்று எனப் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தார் வழிகாட்டுவர். தமிழுக்கு இக்கணக்குப் பொருந்தாது. ஆங்கிலத்திற் பல சொல்லால் உணர்த்துவதைத் தமிழ் ‘போகவேண்டியிருந்தது’ என ஒரே சொல்லில் அடக்கும். எழுத்தை எண்ணலாம் எனின், அங்கும் ஒரு தடை. ‘தமிழ்’ என்பதை நாம் மூன்றெழுத்து என்போம். கணினியோ, இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி ஐந்து எனக் கொள்ளும். ஆதலின் ஆங்கிலத்துக்கென வகுத்த வரியளவைத் தமிழுக்கு அப்படியே இட்டால், வரி உரிய இடத்துக்கு முன்னரே முறிந்துவிடும். தமிழுக்கேற்ற அளவைத் தமிழரே வாசித்துப் பார்த்து வகுத்தல் வேண்டும். மாணவர் சிலரைக்கொண்டு கல்லூரிகளே இவ்வாய்வைச் செய்யலாம். கோப்பினை யூ. ரி. எவ். 8 என்னும் குறியீட்டு முறையிற் சேமித்தலும் மறக்கலாகாது. தவறின் தமிழெழுத்து உருவிழந்து தோன்றும்.

பயன் யார்க்கு?

துணையெழுத்தின் பயன் கேளாதாரோடு நின்றுவிடுவதன்று. பிரித்தானியாவில் 2006இல் ஒவ்கொம் நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, துணையெழுத்தைப் பயன்படுத்திய 75 இலட்சம் பேருள் 60 இலட்சம் பேர் செவிக்குறை அற்றவர். இரைச்சலுள்ள பேருந்தில் இருப்போர், குழந்தை உறங்கும் அறையில் இருப்போர், பேசுபவரின் உச்சரிப்புக்குப் பழகாதோர் எனப் பலரும் அதனை நாடுவர். இந்தியாவில் பிரிஜ் கோத்தாரி என்பார், திரைப்பாடல்களை அவை பாடப்படும் மொழியிலேயே எழுத்தாகக் காட்டின், அரைகுறையாக வாசிக்க அறிந்தோர் வாசிப்பில் தேர்வர் என 1996இற் கருதி, 1999இல் குஜராத்துத் தொலைக்காட்சியில் அதனைத் தொடக்கினார். துணையெழுத்துப் பற்றி நிகழ்ந்த நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளை 2015இல் தொகுத்து நோக்கிய அமெரிக்க உளவியல் அறிஞர் மோர்ட்டன் ஆன் கேர்ன்ஸ்பாக்கர் அம்மையாரும், அது சிறுவர், மாணவர், முதியோர் அனைவர்க்கும் விளக்கத்தையும் நினைவையும் வளர்க்கின்றது என முடிபு கூறினார்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. பிறவியிலேயே கேளாதார் பலர்க்குச் சைகைமொழியே தாய்மொழி; எழுத்துமொழி அவர்க்கு இரண்டாம் மொழி. ஆதலின் துணையெழுத்து சைகைமொழி பெயர்ப்பாளருக்கு மாற்றாகாது. ஒன்று மற்றொன்றுக்குத் துணையேயன்றிப் பகையன்று.

நம் கடமை

இலங்கையில் அங்கவீனமுற்றோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சாசனத்தையும் இந்நாடு 2016இல் ஏற்று உறுதிசெய்தது. தகவலும் கல்வியும் யாவர்க்கும் எட்டுமாறு அமைதல் வேண்டும் என்பது அச்சாசனத்தின் கோட்பாடு. ஆயினும் சட்டம் வழியைக் காட்டுமேயன்றி நடந்து தாராது.

கல்லூரிகள் இன்று தம் பரிசளிப்பு விழா, நினைவுப் பேருரை, நாடகம், பாட மீட்டல் என்பவற்றைக் காணொளியாக்கி இணையத்தில் ஏற்றுகின்றன. அவற்றை வெளிநாடுகளிலுள்ள பழைய மாணவர் கண்டு மகிழ்கின்றனர். முதுமையாற் செவி மந்தமாகிய பழைய ஆசிரியர் ஒருவர், தம் மாணாக்கர் ஆற்றும் உரையைக் காண அமர்ந்து, உதடுகள் அசைவதை மாத்திரம் கண்டு எழுந்து செல்லுதல் தகுமா? கைதடி நவீல்ட் பாடசாலையிற் பயிலும் கேளாத மாணவன் ஒருவன், அயலிலுள்ள கல்லூரியொன்றின் விஞ்ஞான பாடத்தை இணையத்திற் கண்டு அதனாற் பயனெய்தாது விடுதல் முறையாகுமா?

இதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. உரையாற்றுபவர் தம் எழுத்துப் பிரதியை முன்னரே தரலாம். உயர்வகுப்பு மாணவர், ஆளுக்குப் பத்து நிமிடமாகப் பகிர்ந்துகொண்டு எழுத்தாக்கலாம். அதனால் அவர்தம் தமிழும் திருந்தும், பாடமும் மனத்திற் பதியும். தமிழாசிரியர் எழுத்தையும் பாடவாசிரியர் பொருளையும் நோக்கித் திருத்தலாம். கடல் கடந்து வாழும் பழைய மாணவரும், தாம் இருந்த இடத்திலிருந்தே இப்பணியில் ஒரு பங்கை ஏற்கலாம். பழைய பதிவுகள் பலவாயின் அவற்றைக்கண்டு மலையாது, இனி ஏற்றுவன யாவும் துணையெழுத்தோடே ஏறுக என விதித்துத் தொடங்குதல் வேண்டும். பேர்க்லி புகட்டும் பாடம் அதுவே.

கேள்வியின் சிறப்பை உலகுக்கு உணர்த்திய மரபினர் நாம். அக்கேள்வியைச் செவி உடையார்க்கே உரியதாக்கி விடுதல் அம்மரபுக்கு அழகன்று. ஒரு விரிவுரையின் அடியிலே ஓடும் இரண்டு வரி எழுத்து, பார்ப்போர்க்குச் சிறிதாகத் தோன்றலாம். அதன்வழியே கேட்கும் ஒருவனுக்கு அவ்விரு வரியே வகுப்பறையாகும். அவ்வகுப்பறையின் கதவைத் திறந்துவைப்போமாக.